பன்னிரண்டு பின்களும் ஒரு வெள்ளைச் சேலையும்

துணியில் பிடித்த கறளை, அதுதான் இரும்புத் துருவை, எப்படி எடுப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள். அது போத்தலின் பின்பக்கத்தில் நான்கு மொழிகளில் அச்சிட்டிருக்கிறது. அந்த நான்கில் தமிழ் இல்லை, ஆனால் இந்தத் தொழிலைப் பழக வந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் பிரெஞ்சு வாசிப்பீர்கள். போத்தலில் எழுதாமல் விட்டதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கும் மார்க்ஸ் டோர்மோய்க்கும் இடையில் ஒரு சலவைக் கடையில் இருபத்தேழு வருடம் கறை எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டத்தை இந்த நாட்டில் எந்த அலுவலகமும் மதிக்கவில்லை. கறள் எடுக்கிற ஒக்சாலிக் அமிலம் மட்டும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, சொன்னபடி வேலை செய்தது. அதனால் அதனோடு எனக்கு நல்ல உறவு இருந்தது.

கறளைப் பொறுத்தவரை ஒரேயொரு விஷயத்தை முதலில் கேட்டுவிடுங்கள்: வீட்டில் ஏதாவது போட்டீர்களா? நம் ஆட்கள் எந்தக் கறையைக் கண்டாலும் ஜாவெல் என்கிற வெளுப்புத் திரவப் போத்தலைத் திறப்பார்கள். ஜாவெல் கறளை வெளுப்பதில்லை, அதை நிரந்தரக் குடியிருப்பாளர் ஆக்கிவிடும். ஒரு சமையல்காரர் தன் வெள்ளை மேல்சட்டையை இரவு முழுக்க ஜாவெலில் ஊறவைத்துவிட்டுக் காலையில் கொண்டுவந்து, "கொஞ்சம் தேசிக்காய் விட்டாப் போயிடுமோ அண்ணை?" என்று கேட்டார். முதல் நாளே அந்த எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டிருந்தால் போயிருக்கும் என்றேன். அன்றைக்கு நான் செய்த உதவி அவ்வளவுதான்.

இப்போது பிலோமினா அக்காவின் சேலைக்கு வருகிறேன். இந்தக் கதையில் நான் எல்லா நடைமுறைகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பிலோமினா அக்கா மன்னார்க்காரர். லெ பிளாங்-மெனிலில் குடியிருந்தார், ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை. கணவர் இல்லை. மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கூசேன்வில்லில் குடியிருந்து விமான நிலையத்தில் வேலை செய்கிற பையன். மகள் முதலில் கவுன் போடப் போவதாகத்தான் சொல்லியிருக்கிறாள். பிறகு, தாய் மன்னாரில் மாதா கோயிலில் கலியாணத்தன்று கட்டிய வெள்ளைப் பட்டுச் சேலையைக் கட்டச் சம்மதித்தாள். முப்பது வருடப் பட்டு, வெள்ளிச் சரிகைக் கரை. மாசி மாதம் அதைக் கொண்டுவந்து தந்தபோது கொஞ்சம் மஞ்சளித்திருந்தது, வேறு ஒரு குறையும் இல்லை. நானே சுத்தம் செய்தேன். பத்து நாள் கழித்து வந்து எடுத்துப் போனார். அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரை அக்கா என்பேன். இருவரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கி மரியாதை செய்துகொண்டிருந்தோம்.

கலியாணம் சனிக்கிழமை. அந்த வாரத்துச் செவ்வாய் மத்தியானம் தாயும் மகளும் கடைக்குள் வந்தார்கள். தாயின் கையில் எங்கள் கடைப் பிளாஸ்டிக் உறை. மகள் செலின் கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவோடு நின்றாள்.

"நேற்றுக் கட்டிப் பாப்பமெண்டு விரிச்சனாங்கள் அண்ணை. இதைப் பாருங்கோ."

முந்தானைத் தொங்கலில் நான்கு இடத்தில் மண்ணிறக் கறை. ஒவ்வொன்றும் கடுகை விடப் பெரிது, மிளகை விடச் சிறிது. ஒன்று நல்ல அடர்த்தியாய், மற்றவை வரவர மங்கலாய். மூன்று வெறும் பட்டில் இருந்தன. நான்காவது சரிகைக் கரையில்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நான் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். "இது கறள். சேப்டி பின் குத்தி மறந்து விட்டிருக்கிறியள்."

"இல்லை அண்ணை. நான் பின் எண்ணித்தான் எடுக்கிறனான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

"என்ரை கலியாணத்தண்டு பன்னிரண்டு பின் குத்தினவை. அண்டு பின்னேரம் பன்னிரண்டையும் எண்ணி எடுத்தனான். அந்தப் பன்னிரண்டும் இப்பவும் என்னட்டைக் கிடக்கு." பிறகு முந்தானையைத் தூக்கிக் காட்டினார். "அதோடை இதிலை ஆரண்ணை பின் குத்துவினம்? தோளிலை குத்துவம், இடுப்பிலை குத்துவம். தொங்கலிலை குத்தினா அது ஆட்டிலை மணி கட்டின மாதிரியெல்லோ."

இதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? இரும்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து என்ன ஆகும் என்று விளக்கினேன். மூன்று நிமிட விரிவுரை. ஒரு பெண் தன் வாழ்நாள் முழுக்கக் கட்டிய உடையைப் பற்றி எனக்கு ஒரு தகவல் தருகிறார், நான் அவருக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் எடுக்கிறேன். படித்தவர்களோடு வேலை செய்தால் இப்படித்தான்.

செலின் கதவடியில் இருந்து பிரெஞ்சில் கேட்டாள்: "மெசியோ, நிச்சயமாகப் பின்தானே?"

"நிச்சயமாக."

அவள் தாயைப் பார்த்தாள். "மமோ. முதல் காஸ் அடுப்பு. பிறகு நவிகோ பயண அட்டை. இப்ப இது." அதையும் பிரெஞ்சில்தான் சொன்னாள். பிறகு எனக்கு விளங்கவேண்டும் என்பது போல் என் பக்கம் திரும்பித் தமிழில், "அம்மா இப்ப நிறைய மறக்கிறா. கலியாணத்துக்குப் பிறகு தனிய விடேலாது. ஸ்திராஸ்பூர்க்கிலை அண்ணா வீட்டை அனுப்பப் போறம். அவ மாட்டன் எண்டுறா," என்றாள்.

பிலோமினா அக்கா முந்தானையைக் கீழே விட்டார். தன் வேலை, தன் கோயில், தன் சாவி எல்லாம் லெ பிளாங்-மெனிலில் இருக்கிற ஒருவர், அவற்றை ஒவ்வொன்றாக மனதில் எடுத்து வைப்பது போல் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சீட்டு எழுதினேன். கடையைப் பாதுகாக்க ஒரு வரி எழுதவேண்டும் என்பது நடைமுறை. எழுதினேன்: வாடிக்கையாளரின் சேப்டி பின்னால் ஏற்பட்ட கறள், பழைய பட்டு, உத்தரவாதம் இல்லை. "இதிலை ஒரு சைன் வையுங்கோ அக்கா." வைத்தார். வைக்கும்போது, "நானே வச்சனோ தெரியாது," என்று மெதுவாகச் சொன்னார். வரும்போது அந்தச் சந்தேகம் அவரிடம் இருக்கவில்லை. அதை அவருக்குக் கொடுத்தது நான்.

பின்னேரம் சேலையை மேசையில் விரித்து விளக்கைப் போட்டேன். முதலில் எந்தப் புள்ளியில் கை வைப்பது என்று பார்க்க, கறைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கொண்டுவர நினைத்தேன். ஒரே பின் பல மடிப்புகளுக்குள்ளால் போயிருந்தால், துணியை அதே போல மடித்தால் கறைகள் நேராக வந்து நிற்கும். வீட்டில் அவர் மடித்த கோடுகள் பட்டில் இன்னும் இருந்தன, முப்பது வருடக் கோடுகள் சுலபத்தில் போகாது. அந்தக் கோடுகளில் மடித்தேன். கறைகள் நான்கும் நான்கு திசையில் போயின. திரும்ப மடித்தேன். திரும்பவும் அப்படித்தான்.

பிறகு, கை பழக்கத்தில், கடையில் நாங்கள் மடிப்பது போல மடித்தேன். எங்கள் மடிப்பு வேறு. சரிகைக் கரை நசியக்கூடாது என்று ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டு நான்காக மடித்துத் தொங்கவிடுவோம். நான்கு கறைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. எங்கே? தொங்கலின் மூலையில். இலக்கச் சீட்டைக் குத்துகிற இடத்தில்.

மடிப்பை மேசையில் வைத்தேன். பிறகு தலையைத் தூக்கி இஸ்திரி மேசைக்கு மேலே இருந்த சுவர்த் தட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

அந்த டின்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் பெண்கள் சேலை கொண்டுவந்தால் அதில் இரண்டு மூன்று பின் எப்போதும் இருக்கும். தோள் மடிப்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, அவசரத்துக்கு என்று உள்ளே ஒன்று. கழற்றி எடுத்து வைத்தால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இவ்வளவு பின் சும்மா கிடக்கும்போது எதற்காகக் கறள் பிடிக்காத பின்னைக் கடைக்கு வாங்குவது என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. டின்னில் சேர்த்து, சீட்டுக் குத்த அவற்றையே பாவித்தோம். முதலாளியம்மா அந்த யோசனைக்காக என்னைப் பாராட்டினார். டின் நீராவிக்கு நேர் மேலே இருந்தது. மூடி தொலைந்து இரண்டு வருடம்.

மேசையில் கொட்டிப் பார்த்தேன். பாதி பின்கள் மண்ணிறம்.

ஆக, யாரோ ஒரு பெண் மறந்துபோன பின்னை எடுத்து, ஒரு பின்னையும் மறக்காத ஒரு பெண்ணின் கலியாணச் சேலையில் குத்தி, சூடு ஆறாத ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் போட்டுப் பத்து நாள் தொங்கவிட்டிருக்கிறேன். கொடுக்கும்போது சீட்டையும் பின்னையும் கழற்றி, பின்னைத் திரும்ப டின்னுக்குள் போட்டிருக்கிறேன். பிறகு அவரிடமே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கையெழுத்து என் முன்னால் இருந்தது. உங்களிடம் மறைக்கவில்லை, அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. கறையை எடுத்துக் கொடுத்தால் அவருக்கும் சந்தோஷம், மகளுக்கும் சந்தோஷம், ஒருவரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஸ்திராஸ்பூர்க்கும் நல்ல ஊர்தான் என்றுகூட யோசித்தேன்.

புதன் காலை முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவர் பாண்டிச்சேரிக்காரர், கணவர் இறந்த பிறகு தனியாகக் கடையை நடத்தியவர்.

"அந்தம்மா சீட்டுல சினியே பண்ணிட்டாங்க இல்ல? அப்புறம் என்ன?"

"பின் எங்கடை மதாம்."

"துரு எடுத்துக் குடுத்துடுங்க. துரு போனா பிரோப்ளேமும் போச்சு. நம்ம தப்புன்னு நீங்க போய்ச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள லா ஷப்பேல் பூரா பேசும். அவங்க கேட்டாங்களா?"

"கேட்கேல்லை. அவ தான் மறந்ததெண்டு நம்பிப்போட்டா. அதுதான் சிக்கல்." காஸ், அட்டை, ஸ்திராஸ்பூர்க் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "டின் யாரோட ஐடியா?"

"என்ரை."

"அப்ப உங்க பேர்ல சொல்லுங்க. கடை பேர்ல சொல்லாதீங்க." பிறகு, "அந்த டின்ன மொதல்ல தூக்கிப் போடுங்க. எம் புருஷன் பொடவைக்கும் அதான குத்தினீங்க," என்றார். அவருடைய கணவர் பொடவை கட்டியவர் இல்லை. தனக்குக் கணவர் வாங்கித் தந்த பொடவை என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

புதன் முழுக்கச் சேலையோடு இருந்தேன். செய்முறையை விடுகிறேன். பட்டில் இருந்த மூன்றும் போய்விட்டன. மிக மெல்லிய கரைசல், மிக நிறையத் தண்ணீர், அதை விட நிறையப் பொறுமை. நான்காவது சரிகையில் இருந்தது. உள்ளே மடிகிற கரை ஓரத்தில் ஒரு நூலளவில் சோதித்துப் பார்த்தேன். வெள்ளி உடனே மங்கியது. கை நின்றது.

இந்த இடத்தில்தான் உங்களைப் போன்ற கெட்டிக்காரர்கள் விழுவீர்கள். மூன்று போய்விட்டது, நான்காவதையும் எடுத்துவிட்டால் சேலை முழுமை, என் பிழையும் இல்லாமல் போனது போல் இருக்கும். தட்டில் இன்னும் வலுவான போத்தல் ஒன்று இருந்தது. என் குற்ற உணர்ச்சிதான் அதைத் திறக்கச் சொன்னது, சேலை சொல்லவில்லை. அதற்கு உரியவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று விட்டுவிட்டேன். போனை எடுத்தேன்.

"அக்கா, நாளைக்கு வாங்கோ. மகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவளுக்கு நகம் பூசப் போகவேணுமாம் அண்ணை. சேலை சரிவரேல்லையோ?"

"சேலைக்காகக் கூப்பிடேல்லை. அவ வந்தால்தான் தருவன்."

அப்படி ஒரு விதி எங்கள் கடையில் இல்லை. நடைமுறை தெரிந்தவன் வாயில் இருந்து வந்தால் எதுவும் விதி மாதிரித்தான் கேட்கும்.

வியாழன் பின்னேரம் இருவரும் வந்தார்கள். செலினுக்கு ஐந்து விரல்தான் பூசி முடிந்திருந்தது, எரிச்சலோடு நின்றாள். சேலையை அவர்கள் முன்னால் விரித்தேன். முதலில் தாயின் பழைய கோடுகளில் மடித்தேன். கறை போன மூன்று இடத்திலும் வெள்ளை நூலால் அடையாளம் போட்டு வைத்திருந்தேன். நூல்கள் சிதறி நின்றன. "இது அம்மான்ரை மடிப்பு." பிறகு எங்கள் மடிப்பில் மடித்தேன். மூன்று நூலும் மீதிக் கறையும் ஒன்றின் மேல் ஒன்று. "இது எங்கடை மடிப்பு. சீட்டுக் குத்தினது நான். கறள் பிடிச்ச பின்னும் நான் சேர்த்து வச்ச பின்."

பிரெஞ்சிலும் ஒருமுறை சொன்னேன், மகளுக்காக. எந்தச் சொல்லையும் மென்மையாக்கவில்லை. கையெழுத்து வாங்கிய சீட்டை எடுத்து அவர்கள் முன்னாலேயே கிழித்தேன்.

செலின் மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். பூசாத கை. "அப்ப அம்மா மறக்கேல்லையா?"

"இல்லை. தொங்கலிலை ஒருத்தரும் பின் குத்த மாட்டினமெண்டு அண்டைக்கே சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."

பிலோமினா அக்கா அழுவார் என்று நினைத்தேன். கோபப்படுவார் என்றும் நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் மகளைப் பார்த்துச் சொன்னார்: "காஸ் நான் மறந்தனான். அட்டையும் நான்தான் துலைச்சனான். பின் நான் மறக்கேல்லை."

"சரி அம்மா."

"சரியெண்டு சொன்னாக் காணாது. அண்ணாவுக்கும் போன் எடுத்துச் சொல்லு. பின் கதையை நீதானே அவனுக்குச் சொன்னனீ."

செலின் வெளியே போய்ப் போன் எடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. அதற்குள் தாயிடம் நான்காவது கறையைக் காட்டினேன். "இதை எடுத்தாச் சரிகை போகும். விட்டாக் கறை நிக்கும். ரண்டிலை ஒண்டுதான். நீங்கள்தான் சொல்லவேணும்."

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விடுங்கோ. தலையிலை போடுற முக்காட்டு வலை அதுக்கு மேலைதான் விழும். சரிகை போனா எங்கை வாங்குறது?" பிறகு என்னைப் பார்த்தார். "அண்டைக்கு என்னை எவ்வளவு பேய்க்காட்டினீங்கள் அண்ணை. வீட்டை போய் அலுமாரி முழுக்கத் தேடினனான், பதின்மூண்டாவது பின் எங்கையிருந்து வந்ததெண்டு."

மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தொழிலில் அதற்கென்று ஒரு படிவம் இல்லை, வாயால்தான் கேட்கவேண்டும். நீங்களும் பழகி வையுங்கள், சிறு வயதில் பழகினால் நாக்கு வளையும்.

சனிக்கிழமை நான் கலியாணத்துக்குக் கோயிலுக்குப் போகவில்லை, கடை இருந்தது. முதலாளியம்மா பயந்தது போல லாச்சப்பல் பேசியது. மரக்கறிக் கடையில் இருந்து நகைக்கடை வரை என் டின்னைப் பற்றிக் கேட்டார்கள். "அண்ணை, பின் இருக்கோ?" என்று ஒரு மாதம் பகிடி பண்ணினார்கள். ஆனால் சேலைகள் குறையவில்லை. கூடின. பிழை செய்தால் சொல்லுவான் என்று பெயர் வந்துவிட்டது. அது நல்ல பெயரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கலியாணம் முடிந்து இரண்டாவது வாரம் பிலோமினா அக்கா சேலையோடு வந்தார், இந்த முறை தனியாக. ஸ்திராஸ்பூர்க் கதை நின்றுவிட்டதாம். மகள் வாரத்தில் இரண்டு தரம் வந்து காஸ் அடுப்பைப் பார்த்துவிட்டுப் போகிறாளாம், அது நியாயம்தானாம். சேலையை மேசையில் வைத்தார். கைப்பையில் இருந்து ஒரு துணித் துண்டை எடுத்து விரித்தார். வரிசையாகப் பின்கள்.

"எண்ணுங்கோ."

எண்ணினேன். பன்னிரண்டு.

"இப்ப நீங்கள் உங்கடையை எண்ணுங்கோ."

கடைக்குப் புதிதாகக் கறள் பிடிக்காத பின் வாங்கியிருந்தோம், அட்டை அட்டையாக, ஒன்றில் ஒரு டசின். அன்று காலைதான் புது அட்டை உடைத்து மேசையில் வைத்திருந்தேன், ஒன்றுகூட இன்னும் பாவிக்கவில்லை. எடுத்து அவர் முன்னால் எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன், இஸ்திரிப் பக்கம் போய்ப் பார்த்தேன், முதலாளியம்மாவிடம் கேட்டேன்.

பிலோமினா அக்கா அவ்வளவு நேரமும் பொறுமையாக நின்றார். பிறகு ஒரு விரலை நீட்டி என் வேலைச் சட்டையின் பையைக் காட்டினார். அதன் விளிம்பில், நானே காலையில் குத்தி வைத்த பின் மினுங்கிக்கொண்டிருந்தது.

"உங்கடை பிள்ளையளின்ரை போன் நம்பரைத் தாங்கோ அண்ணை," என்றார். "உங்களை இனித் தனிய விடேலாது."